வழியில் நின்ற மிதிவண்டி: கைப்பொருள் கொண்டு செய்யத்தக்க உடனடிச் செப்பம்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், பண்ருட்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியே கும்பகோணம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் வடலூர் அமைந்துள்ளது. 1867-ஆம் ஆண்டில் வள்ளலார் நிறுவிய சத்திய தருமச் சாலையால் நாடறிந்த ஊர் இது. தைப்பூச நாளில் பெருந்திரளான மக்கள் இங்கு வந்து கூடுவர். ஆயினும் நாம் இங்கே கூற வந்தது திருவிழா நாளைப் பற்றியதன்று. எல்லா நாளிலும் விடியற்காலையில் அந்த நாற்சந்திக்கு வந்து சேரும் கிளைப்பாதைகளைப் பற்றியது.

சுற்றுச் சிற்றூர்களிலிருந்து பால், கீரை, முந்திரிக்கொட்டை, புல்லுக்கட்டு ஆகியவற்றைப் பின்புறக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவோரில் மிதிவண்டியையே நம்பியிருப்பவர் இன்றும் உளர். பேருந்து செல்லாத வண்டிப்பாதையும் வரப்பையொட்டிய ஒற்றையடிப் பாதையும் இவர்களுடைய வழிகள். அவ்வழியில் பாதித் தொலைவு வந்தபின் செயின் அறுந்தாலோ, முள் தைத்துக் காற்று இறங்கினாலோ, அருகில் கடை இராது. கையில் கருவி இராது. கறந்த பால் வெயிலில் நெடுநேரம் தாங்காது. பால் சங்கத்தில் அளக்கும் நேரமோ எவருக்காகவும் நில்லாது. ஒரு முள்ளால் ஒரு வேளைப் பாலின் விலை முழுவதும் போய்விடக்கூடும். தேர்வு நாளில் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கு நேர்ந்தால் இழப்பு அதனினும் பெரிது.

இத்தகைய வேளையில், கைக்கு எட்டும் சாமான்களைக்கொண்டு வண்டியை அடுத்த ஊர்வரை ஓடச் செய்வது எப்படி, எந்தப் பழுதை அவ்வாறு சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பவற்றை முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராமத்தில் மிதிவண்டியின் இடம்

மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் மிதிவண்டியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்கள் மிதிவண்டி வைத்திருந்தன. நம் மாநிலத்தில் 2001-ஆம் ஆண்டளவில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர்ப் பிற மாணவியருக்கும் மாணவர்க்கும் விரிந்தது. ஆகவே மேனிலைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் பலவற்றில் ஒரு மிதிவண்டி சுவரில் சாய்ந்து நிற்கக் காணலாம். அவற்றுள் எத்தனை ஓடுகின்றன என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் தெருவில் எண்ணிப் பார்ப்பாராக. பல வண்டிகள் பெரிய பழுதினால் நிற்கவில்லை. ஒரு வால்டியூபும் ஒரு செயின் பூட்டும் இல்லாமையாலேயே துருவேறி நிற்கின்றன.

மிதிவண்டி ஒரு சமூகத்தை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சான்று. 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் வண்டியோட்டி ஊர்வலம் வந்தனர். பெண்களுக்கான வண்டிகள் கடையில் தீர்ந்துபோகவே, பலர் ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே வாங்கினர். குறுக்குத் தண்டில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட பயன். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் பிறர் உதவியை எதிர்பார்த்திருந்த நிலை மாறியது. ஓட்டத் தெரிந்தவர் செப்பனிடவும் தெரிந்திருந்தால்தான் அவ்விடுதலை முழுமை பெறும்.

முதலில் செய்ய வேண்டுவது

வண்டி நின்றவுடன் அதை அடித்தும் இழுத்தும் பார்த்தல் கூடாது. பாதையைவிட்டு ஒதுங்கி, நிழலில் நிறுத்தி, பாரத்தை இறக்க வேண்டும். பாரத்துடன் செய்யும் செப்பம் நிலைக்காது. பிறகு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆசனமும் ஹாண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்தினால் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழலும். அடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டால் கழற்றிய திருகாணிகள் மண்ணில் மறையமாட்டா.

அடுத்து, பழுது எங்கே என்று தெளிய வேண்டும். காற்று இறங்கியதா, சக்கரம் கோணியதா, பெடல் வெறுமே சுற்றுகிறதா என்பனவற்றைத் தனித்தனியே நோக்கினால், மருந்து தானே விளங்கும். நோய் நாடி நோய்முதல் நாடுவது மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று.

காற்று இறங்கிய சக்கரம்

வழியில் நேரும் பழுதுகளில் இதுவே மிகுதி. சீமைக் கருவேல முள் பரவாத கரம்பும் ஏரிக்கரையும் நம் பக்கத்தில் அரிது.

காற்று இறங்கியதும் டியூபில்தான் ஓட்டை என்று முடிவு செய்துவிடலாகாது. முதலில் வால்வைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் வால்வின் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர்க் குழல் உண்டு. அதனையே வால்டியூப் என்கிறோம். உட்செலுத்தும் காற்று இக்குழலைத் தள்ளிக்கொண்டு நுழையும். வெளியேற முயலும் காற்றோ இக்குழலை அழுத்தித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். வெயிலில் இந்த ரப்பர் இற்றுப்போனால் காற்று மெல்லக் கசியும். வால்வின் வாயில் சிறிது எச்சிலோ தண்ணீரோ தடவினால் குமிழி எழும். குமிழி கண்டால் டயரைக் கழற்றும் வேலையே இல்லை. வால்வை வெளியே எடுத்து, இற்றுப்போன நுனியை அறுத்தெறிந்துவிட்டு, எஞ்சிய நல்ல பகுதியைப் பக்கத்துளை மறையும்படி நனைத்து இறக்கினால் போதும். விரல் நீளத்திற்கு ஒரு வால்டியூபைக் கைப்பையில் வைத்திருப்போர்க்கு இத்தொல்லையும் இல்லை.

வால்வு நன்றாயிருப்பின் டயரைக் கழற்ற வேண்டும். அதற்கெனச் செய்த நெம்புகோல் இல்லாதபோது, சாப்பாட்டுக் கரண்டியின் காம்பு இரண்டு போதும். காம்பின் விளிம்பு கூர்மையாயிருந்தால் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்க. இல்லையேல் ஓர் ஓட்டையைத் தேடப்போய் மற்றோர் ஓட்டையை நாமே உண்டாக்கிவிடுவோம். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் நெம்பத் தொடங்குக. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மைவிட்டு வெளியேற்றினால் டியூபை உருவி எடுத்துவிடலாம்.

ஓட்டையைக் காண வாய்க்கால் நீர் சிறந்தது. நீர் இல்லாவிடத்து, சிறிது காற்றடித்த டியூபைக் கன்னத்தினருகே மெதுவாகச் சுற்றிக்கொண்டு வருக. கைவிரல் உணராத நுண்ணிய காற்றையும் கன்னத்துத் தோல் உணரும். ஓட்டையைக் கண்டதும் கரியாலோ செங்கல் துண்டாலோ அதைச் சுற்றி ஒரு வட்டம் இட்டுவிடுக.

இனி ஒட்டும் முறை. உப்புத்தாள் இல்லாவிடின் சுட்ட செங்கல்லின் முகமோ, தீப்பெட்டியின் உரசும் பக்கமோ உதவும். ஒட்டுத்துண்டைவிடச் சற்றுப் பரந்த அளவுக்கு டியூபைத் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டே ஒட்டுக்குப் போதும். அதன் மூலைகளை வட்டமாக நறுக்கிவிட வேண்டும், கூர்மூலை முதலில் பெயரும். துண்டையும் அவ்வாறே தேய்த்து, இரண்டின்மீதும் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவிக் காத்திருக்க வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான். சொல்யூஷன் என்பது எளிதில் ஆவியாகும் நீர்மத்தில் கரைத்த ரப்பர். அந்நீர்மம் பறந்துபோய், விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வந்த பின்னரே துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் அடுத்த கல் தொலைவு போவதற்குள் கழன்றுவிடும். ஒட்டிய இடத்தில் சலித்த சாம்பலையோ சுண்ணத்தூளையோ தூவினால் டயரோடு ஒட்டாது.

டியூபைத் திரும்ப வைக்குமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். முள்ளின் முனை உள்ளே நின்றால் துணியில் இழை மாட்டும். முள்ளை எடுக்காமல் ஒட்டுப்போடுவது, மடையை அடைக்காமல் வயலுக்கு நீர் பாய்ச்சுவதை ஒக்கும்.

பம்பு காற்றை இழுக்காமல் வெறுமே ஓடினால், அதனுள் இருக்கும் தோல் வாஷர் உலர்ந்து சுருங்கியிருக்கும். அதை வெளியே எடுத்து, இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டு, ஓரத்தை விரலால் விரித்துவிட்டால் பம்பு பழையபடி வேலை செய்யும்.

பண்ருட்டிப் பக்கத்தில் பலாப்பால் தாராளமாகக் கிடைப்பதால், சொல்யூஷனுக்குப் பதில் அதைத் தடவலாமா என்று கேட்பாரும் உளர். ரப்பரும் மரத்தின் பாலே; ஆயினும் பலாப்பாலில் பிசினே மிகுதி. அது கையில் ஒட்டுமேயன்றி, ரப்பரைப்போல் நீண்டு சுருங்காது. ஆகவே அதனை நம்புதல் வீண்.

ஒட்ட எதுவும் இல்லாதபோது

சொல்யூஷனும் ஒட்டுத்துண்டும் இல்லையெனில் இரு வழிகள் உண்டு. முதல் வழி முடிச்சு. ஓட்டையுள்ள இடத்தை இரண்டாக மடித்து, நூல் கயிற்றாலோ பழைய டியூபிலிருந்து நறுக்கிய வாராலோ இறுகக் கட்டினால், ஓட்டை கட்டுக்கு வெளியே நின்றுவிடும். எஞ்சிய டியூபில் காற்று நிற்கும். ஓட்டை பெரிதாயின் டியூபை அவ்விடத்தில் அறுத்து, இரு முனைகளையும் தனித்தனியே மடித்துக் கட்டலாம். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அவ்விடத்தில் ஒரு குதி குதிக்கும். ஆயினும் வண்டி ஓடும். அறுத்த டியூப் பின்னர் ஒட்டுத்துண்டுகளுக்கு மட்டுமே ஆகும் என்பதையும் கருதுக.

இரண்டாவது வழி உழவர்க்கே உரியது. டியூப் முற்றிலும் கெட்டுவிட்டால் அதை எடுத்துவிட்டு, டயருக்குள் வைக்கோலைத் திணிக்கலாம். தனித்தனி வைக்கோலாகத் திணித்தால் ஓரிடத்தில் குவிந்து, மற்றோரிடத்தில் டயர் தொய்யும். ஆகையால் வைக்கோலைச் சிறிது நீர் தெளித்துப் பதமாக்கி, போர்க்கட்டுக்குத் திரிப்பதைப்போல் கட்டைவிரற் பருமனுக்கு மேற்பட்ட புரியாகத் திரித்துக்கொள்க. அப்புரியை இரண்டு மூன்று சுற்று ரிம்மின்மீது இறுக வளைத்து, முனைகளை உட்செருகி, டயரை மேலே ஏற்ற வேண்டும். டயரை ஏற்றுவது கடினமாயிருந்தால் புரி போதிய அளவு இருக்கிறது என்று பொருள். எளிதில் ஏறினால் போதாது என்று அறிக. வைக்கோல் கிடைக்காவிடின் உலர்ந்த கோரைப்புல்லும் தேங்காய் நாரும் உதவும். இவ்வாறு செய்த வண்டியில் பாரம் ஏற்றலாகாது. திருப்பத்தில் இறங்கித் தள்ளுவதே நன்று.

எதுவும் செய்யாமல் வெறும் ரிம்மின்மீதே ஓட்டினால் என்ன என்று எண்ண வேண்டா. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் மலேயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கில் மிதிவண்டிகளில் சென்றனர். வெப்பத்தில் டயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றியெறிந்துவிட்டு, தார்ச்சாலையில் ரிம்மின்மீதே ஓட்டினர் என்று அப்போரின் வரலாறு கூறுகிறது. அவர்களுக்கு வேறு வண்டி கிடைத்தது. நம் உழவர்க்கு வளைந்த ரிம்முக்கு மாற்று ரிம் வாங்கும் செலவு அவருடையதே.

டயர் கிழிந்தால்

டயரில் வெடிப்புக் கண்டால், காற்றடித்ததும் டியூப் அவ்வழியே புடைத்து வெடிக்கும். வெடிப்பின் உட்புறத்தில் ஒரு தாங்கு வைத்தால் இதைத் தடுக்கலாம். பழைய டயர்த் துண்டு, நான்காக மடித்த சாக்குத்துணி, வேட்டியின் கரைப்பகுதி ஆகிய எதுவும் பயன்படும். அது வெடிப்பைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை நீண்டிருக்க வேண்டும். காற்றைச் சற்றுக் குறைவாகவே அடிக்க வேண்டும். டயருக்கு வெளியே துணி சுற்றுவது தவறு. அது பிரேக் கட்டையிலும் போர்க்கிலும் சிக்கி வண்டியைக் கவிழ்க்கும்.

துணியால் டயரைக் காக்கும் இம்முறையின் பயனை உலகிற்கு உணர்த்தியவர் வியத்நாம் மக்கள். 1954-இல் நடந்த தியன் பியன் பூப் போரின்போது, மலைப்பாதைகளில் அரிசியையும் படைக்கலன்களையும் கொண்டு சேர்க்க ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் பயன்பட்டன. அவற்றை எவரும் ஏறி ஓட்டவில்லை. ஹாண்டில்பாரில் ஒரு மூங்கிற்கழியையும் ஆசனத்தண்டில் ஒரு கழியையும் கட்டி, நடந்தே தள்ளிச் சென்றனர். ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றினர். அப்பாரத்தை டியூப் தாங்குவதற்காகப் பழந்துணியையும் பழைய டியூபையும் கிழித்து, நல்ல டியூபின்மீது சுற்றினர். மூங்கிலும் கந்தையுமே அம்மக்கள் பயன்படுத்திய கருவிகள் என்பது எண்ணத்தக்கது.

காற்றடைத்த டயரே இத்தகைய கைவேலையில் பிறந்ததுதான். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டி கல்பாவிய தெருவில் தடதடப்பதைக் கண்டு, ரப்பர்த் தகட்டைக் குழலாக ஒட்டி, துணியால் சுற்றி, மரச்சக்கரத்தில் பொருத்திக் காற்றடித்தார். அவர் எந்திர நூல் கற்றவரல்லர். மாட்டுக்கும் குதிரைக்கும் மருந்து கொடுத்தவர்.

செயின் அறுந்தால்

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டு ஒன்று உண்டு. அதன் சிறு கவ்வி தெறித்து விழுவதே பெரும்பாலான செயின் பழுதுகளுக்குக் காரணம். பூட்டுத் தகடு கைவசமிருந்து கவ்வி மட்டும் தொலைந்திருந்தால், மெல்லிய கட்டுக்கம்பியை இரு முளைகளின் பள்ளத்திலும் எட்டு என்ற உருவில் சுற்றி முறுக்கிவிடலாம். முறுக்கிய முனை பற்சக்கரத்தில் உரசாதபடி வெளிப்புறமாக மடக்குக. புதிய கவ்வி பொருத்துங்கால், அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னோக்கினால் எதிலேனும் மாட்டிக் கழன்றுவிடும்.

செயினின் கண்ணியே உடைந்திருந்தால், உடைந்த கண்ணியை நீக்கிச் செயினைக் குறுக்க வேண்டும். ஒரு கல்லின்மீது சிறு பள்ளத்தை நோக்கி முளையை வைத்து, ஆணியை அதன்மேல் நிறுத்தி வேறொரு கல்லால் தட்டினால் முளை வெளியேறும். வெளித்தகட்டுக் கண்ணியும் உள்தகட்டுக் கண்ணியும் மாறி மாறி வருவதால், ஒரு சோடியாகவே நீக்க வேண்டும். ஒன்றை மட்டும் நீக்கினால் முனைகள் பொருந்தா. பிறகு துளைக்குப் பொருந்தும் ஆணியை நுழைத்து, மிகுதியை மடக்கித் தட்டிவிடுக. பின்சக்கரத் திருகாணிகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே நகர்த்தினால் குறுகிய செயின் அமைந்துவிடும். நடுவில் ஒரு விரலால் அழுத்தினால் அரை அங்குலம் தொய்வு இருத்தல் வேண்டும். ஆணி இரும்பு மெல்லியது. எழுந்து நின்று மிதித்தால் அறும்.

கம்பி உடைந்தால்

நம் பழைய கறுப்பு வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருப்பது வழக்கம். பின்சக்கரம் பாரம் தாங்குவதால் அதற்குக் கம்பி மிகுதி. ஒன்று உடைந்தால் வண்டி ஓடும். ஆனால் உடைந்த கம்பி துள்ளிச் செயினிலோ போர்க்கிலோ புகுந்தால் சக்கரம் திடீரென நிற்கும். ஆதலால் அதனைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிச் சணலால் கட்டிவிடுக. ரிம் சற்றே கோணிப் பிரேக் கட்டையில் உரசினால், கோணிய பக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் செல்லும் கம்பிகளின் நிப்பிளை அரைச் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நேராகும். அடுத்தடுத்து மூன்று கம்பிகள் உடைந்தால் ஏறி ஓட்டுவதை விட்டுவிடல் வேண்டும்.

பிற சிறு பழுதுகள்

பெடல் முன்னும் பின்னும் வெறுமே சுற்றினால், பிரீவீலின் உள்ளிருக்கும் நாக்குகள் எண்ணெய்ப் பிசுக்கால் ஒட்டிக்கொண்டன என்று அறிக. சிறிது மண்ணெண்ணெயை உள்ளே விட்டுச் சுழற்றினால் அவை விடுபடும். அதுவும் பயன்படாவிடின், பிரீவீல் பற்சக்கரத்தைக் கம்பிகளோடு நாலைந்து இடங்களில் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டலாம். இனிச் சக்கரம் சுழலும்வரை பெடலும் ஓயாமல் சுழலும். காலை நிறுத்த முயன்றால் தூக்கியெறியும். ஆகவே சமநிலத்தில் மெதுவாகச் செல்லுங்கால் மட்டுமே இம்முறை தகும்.

பெடல் தண்டு ஆடினால் காட்டர் பின் தளர்ந்துள்ளது. கீழுள்ள மரையை முதலில் தளர்த்தி, பின்னைத் தட்டி இறக்கி, மீண்டும் மரையை முடுக்குக. பின் தேய்ந்திருந்தால் பழைய தகர டப்பாவிலிருந்து நறுக்கிய தகட்டை அதன் சாய்ந்த முகத்தில் செருகி முடுக்கலாம். வெறும் ஆணியைச் செருகி ஓட்டினால் அச்சு தேய்ந்துவிடும். சிறு செலவு பெருஞ் செலவாக முடியும்.

மட்கார்டின் தாங்குக்கம்பி கழன்று தொங்கினால் உடனே கட்ட வேண்டும். அழகுக்காக அன்று, அது சக்கரக் கம்பிகளுக்கிடையே நுழைந்தால் ஓட்டுபவர் தலைகீழாக விழ நேரும்.

தொடக்கூடாத பழுதுகள்

மேற்கூறியவை அனைத்தும் வண்டியை அடுத்த கடைவரை கொண்டு செல்வதற்கான ஏற்பாடுகளே. கட்டும் கயிறும் எவ்விடத்தும் செல்லும் என்று எண்ணுவது உயிருக்கே இடராகும். முன்போர்க்கில் வெடிப்பு, ஹாண்டில்பார்த் தண்டில் முறிவு, இரு பிரேக்கும் பிடிக்காமை, முன்சக்கர அச்சு முறிவு ஆகிய இந்நான்கிலும் கைவைத்தியம் ஆகாது. இவை முறிந்தால் ஓட்டுபவர் விழும் விதம் அஞ்சத்தக்கது. வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும்.

பிரெஞ்சு நாட்டில் 1913-இல் நடைபெற்ற புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில், கிறிஸ்தோப் என்ற வீரர் துர்மலே மலைச்சரிவில் இறங்கும்போது அவருடைய வண்டியின் போர்க் முறிந்தது. பிறர் உதவியைப் பெறுதல் பந்தய விதிக்கு மாறு. அவர் அதைக் கயிற்றால் கட்டி ஓட்ட முயலவில்லை. வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு சிற்றூரை அடைந்தார். அங்கிருந்த கொல்லுப்பட்டறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்று, தம் கையாலேயே போர்க்கைக் காய்ச்சி இணைத்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவிய குற்றத்துக்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதிக்கப்பட்டது. போர்க் முறிந்தால் இடம் கொல்லன் பட்டறையே என்பதை அத்துணை அவசரத்திலும் அவர் மறக்கவில்லை. பால் அளக்கும் நேரம் தவறுமே என்று பதறும் நம்மவர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

செப்பம் முடிந்தபின் மூன்று சோதனைகள் செய்க. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி எங்கேனும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். பாரமின்றி ஐம்பது அடி ஓட்டிப் பார்த்த பின்னரே பாரத்தை ஏற்ற வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

இவ்வளவும் ஒருவர் தனியே அறிந்திருத்தல் நன்று. ஊரே அறிந்திருத்தல் அதனினும் நன்று. முன்பு சைக்கிள் கடை இருந்த சிற்றூர்கள் பலவற்றில் அது மூடப்பட்டோ, மோட்டார் வண்டிக் கடையாக மாறியோ விட்டது. கடையின்மையால் ஏற்படும் குறையை ஊராட்சி மன்றம் சிறு செலவில் நிரப்பலாம்.

பால் சங்கம், நூலகம், ஊராட்சி அலுவலகம் ஆகிய ஓரிடத்தில் ஒரு மரப்பெட்டி வைப்பதே நாம் கூறும் ஏற்பாடு. அதில் ஒரு பம்பு, நெம்புகோல் இரண்டு, ஒரு குறடு, ஒரு ஸ்பானர், ஒரு சுத்தியல், சொல்யூஷன் குழாய், உப்புத்தாள், பழைய டியூப், வால்டியூப், செயின் பூட்டுகள், காட்டர் பின்கள், கட்டுக்கம்பி, ஒரு சீசா எண்ணெய் ஆகியவை இருந்தால் போதும். எடுத்தவர் பெயரையும் திருப்பிய நாளையும் எழுத ஒரு குறிப்பேடு தேவை. பொறுப்பாளர் ஒருவர் இல்லாத பொதுப்பெட்டி ஒரு திங்களில் வெறும் பெட்டியாகும் என்பது யாவரும் அறிந்ததே.

இரண்டாவதாக, ஊரில் அனுபவமுள்ள சைக்கிள் மெக்கானிக் ஒருவர் இருந்தால், அவரை அழைத்து உரிய ஊதியம் கொடுத்து, விடுமுறை நாளொன்றில் மாணவ மாணவியருக்குப் பயிற்சி அளிக்கச் செய்யலாம். ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் தம் கையால் டயரைக் கழற்றி மாட்ட வேண்டும். பார்த்துக் கற்றது வழியில் உதவாது. இதனால் மெக்கானிக்கின் பிழைப்புக்குக் குறை வருமோ என்று ஐயுற வேண்டா. ஓடாமல் சுவரில் சாய்ந்திருக்கும் வண்டி அவருக்கு ஒரு காசும் தருவதில்லை. ஓடும் வண்டியே அவர் கடைக்கு வரும்.

மூன்றாவதாக, பாதையோர முள்ளை அகற்றும் வேலை. நூறு பஞ்சரை ஒட்டுவதைவிட, பள்ளிக்கும் பால் சங்கத்துக்கும் செல்லும் பாதையில் வெட்டிப் போட்ட கருவேலங் கிளைகளை வாரி அப்புறப்படுத்துவது எளிது. வேலி கழிப்போர் முள்ளைப் பாதையில் விடலாகாது என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதற்கு எவருடைய நிதியுதவியும் தேவையில்லை.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது, இவ்வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. மரம் விழுந்த சாலையில் மோட்டார் வண்டி நின்றுவிடும். மிதிவண்டியையோ தோளில் தூக்கி மரத்தின் அப்பால் வைத்துவிடலாம். அதற்கு எண்ணெய் நிலையமும் மின்சாரமும் வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தில் 1990-க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில், பாட்டரி கிடைக்காத மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இடுக்கண் வந்த நாளில் இவ்வெளிய வண்டி எத்தனை வகையில் துணை நிற்கும் என்பது இதனால் விளங்கும். அந்நாளில் அது ஓடும் நிலையில் இருக்க வேண்டுமாயின், அதற்கான பழக்கம் இன்றே வேண்டும்.

ஆகவே, இதைப் படிக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும், உழவர் ஒவ்வொருவரும் இந்த வாரத்திலேயே ஒரு காரியம் செய்வாராக. வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் மிதிவண்டியை வெளியே எடுத்து, கவிழ்த்து நிறுத்தி, வால்டியூபையும் செயின் பூட்டையும் பிரேக் கட்டையையும் பார்ப்பாராக. பிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு அதைச் செய்வாராக. ஆசனத்தின் கீழ் ஒரு சிறு பையில் விரல் நீள வால்டியூப், ஒரு முழம் கட்டுக்கம்பி, இரண்டு ஆணி, ஒரு துண்டு பழைய டியூப் ஆகியவற்றை இட்டுக் கட்டுவாராக. வழியில் வண்டி நிற்கும் நாளில் அப்பை, பாலையும் காக்கும். பள்ளி நாளையும் காக்கும்.